செலவுக் கணக்குக்கு எந்தக் கருவி? மாதக் கடைசியில் பாஸ்புக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்

மஞ்சப்பை · 6 ஜூலை 2025, இரவு 9.12

எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானாகவே கணக்கு எழுதும் ஆப் ஒன்று ஜூன் முழுக்க ஓடியது. மாதச் செலவு 55,390 ரூபாய் என்கிறது. சம்பளமே 48,000தான். அப்படியானால் 7,390 ரூபாய் துண்டு விழுந்திருக்க வேண்டும். ஆனால் வங்கியில் ஜூன் 1 காலை இருந்தது 41,260. ஜூன் 30 இரவு 42,835. இருப்பு கூடித்தான் இருக்கிறது. ஆப்பை மாற்றுவதா, எக்ஸலா, பழையபடி நோட்டா? வீட்டில் செலவு செய்வது இரண்டு பேர். ஒன்று ஆண்ட்ராய்டு, இன்னொன்று ஐபோன்.

பேரேடு · 6 ஜூலை, இரவு 9.47

ஆப்பை அழிக்காதீர்கள். முதலில் சில எண்களைப் போடுங்கள்: ஜூனில் யுபிஐ எவ்வளவு, ஏடிஎம்மில் எடுத்தது எவ்வளவு, கட்டிய கார்டு பில் எவ்வளவு, அதே ஜூனில் கார்டில் வாங்கியது எவ்வளவு, கடன் தவணை எவ்வளவு. மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் கையில் இருந்த ரொக்கமும் வேண்டும்.

மஞ்சப்பை · 6 ஜூலை, இரவு 10.20

யுபிஐ 19,485. ஏடிஎம் 6,000. கட்டிய கார்டு பில் 11,740, அது மே மாதத்தில் வாங்கியதற்கு. ஜூனில் கார்டில் வாங்கியது 8,965. வீட்டுக் கடன் தவணை 9,200. ரொக்கம் 1ஆம் தேதி 2,300, 30ஆம் தேதி 690. ரொக்கச் செலவு என்று நோட்டில் எழுதி வைத்தது 7,150.

பேரேடு · 7 ஜூலை, காலை 6.55

ஆப் வங்கியிலிருந்து வெளியே போன ஒவ்வொரு ரூபாயையும் செலவு என்று எழுதியிருக்கிறது. அதோடு கார்டில் தேய்த்ததையும் சேர்த்துவிட்டது. 19,485 + 6,000 + 11,740 + 9,200 + 8,965 = 55,390. உங்கள் எண் அப்படியே வருகிறது.

தப்பு இரண்டு இடத்தில். கார்டு பில் கட்டுவது செலவு இல்லை, மே மாதம் செய்த செலவுக்கான கடனை அடைப்பது. மே மாதக் கணக்கில் ஒரு முறை வந்தது ஜூனில் மறுபடியும் வந்துவிட்டது. அடுத்தது ஏடிஎம். 6,000 வங்கியிலிருந்து உங்கள் சட்டைப்பைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். அந்த ரொக்கத்தை எதற்குக் கொடுத்தீர்களோ அதுதான் செலவு.

இனி ரொக்கத்தைப் பாருங்கள். 2,300 + 6,000 = 8,300. எழுதி வைத்த செலவு 7,150 என்றால் கையில் 1,150 இருக்க வேண்டும். இருப்பது 690. ஆக 460 ரூபாய் எழுத விட்டுப்போயிருக்கிறது. அதை 'விட்டுப்போனது' என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள், தேடி அலைய வேண்டாம். ரொக்கச் செலவு 7,610.

உண்மையான ஜூன் செலவு: யுபிஐ 19,485, ரொக்கம் 7,610, கார்டு 8,965, தவணை 9,200. மொத்தம் 45,260. மிச்சம் 2,740.

இந்த 2,740 சரிதானா என்று வேறு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். வங்கி 1,575 கூடியது. ரொக்கம் 1,610 குறைந்தது. கார்டுக் கடன் 11,740 அடைந்து 8,965 புதிதாக ஏறியதால் 2,775 குறைந்தது. 1,575 − 1,610 + 2,775 = 2,740. ஒத்துப்போகிறது.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தச் சோதனையைச் செய்ய அது இடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் தொடக்க இருப்பு போட முடிய வேண்டும். வரவு, செலவு தவிர 'மாற்றம்' என்று மூன்றாவது வகைப் பதிவு வேண்டும். இரண்டும் இல்லாத ஆப் எத்தனை வண்ண வட்டம் போட்டுக் காட்டினாலும் வேண்டாம்.

ஐந்தொகை · 7 ஜூலை, காலை 10.31

ஒரு திருத்தம். 9,200 தவணை முழுவதும் செலவு இல்லை. அதில் வட்டி மட்டுமே செலவு, அசல் பகுதி கடனைக் குறைக்கிறது. கடன் கொடுத்த வங்கியின் தவணை அட்டவணையில் மாதாமாதம் எது எவ்வளவு என்று இருக்கும்.

பேரேடு · 7 ஜூலை, பகல் 1.15

சரிதான், மேலே அதைச் சொல்லாமல் விட்டது தவறு. ஆனால் இரண்டு கேள்விக்கு இரண்டு பதில். 'இந்த மாதம் சம்பளத்தில் எது எங்கே போனது' என்று பார்க்க 9,200ஐ முழுதாக வைத்துக்கொள்வதே வசதி, ஏனென்றால் அந்தப் பணம் திரும்பிக் கைக்கு வராது. 'நம் நிலைமை எப்படி' என்று ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கும்போது அசலைப் பிரியுங்கள். மாதாமாதம் பிரிக்க ஆரம்பித்து அலுத்துப்போய் மொத்தக் கணக்கையும் விட்டவர்கள் நிறைய.

மஞ்சப்பை · 7 ஜூலை, இரவு 8.40

அந்த ஆப்பிலேயே கார்டு பில்லையும் ஏடிஎம்மையும் 'மாற்றம்' என்று திருத்த ஒரு பொத்தான் இருக்கிறது. அப்படியே தொடரலாமா?

பேரேடு · 7 ஜூலை, இரவு 9.58

தொடரலாம், எஸ்எம்எஸ் எங்கெல்லாம் காலை வாரும் என்று தெரிந்துகொண்டு.

ஆட்டோபே, அதாவது சந்தா மாதிரி தானாகப் பிடிக்கும் பணம்: ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே ஓர் அறிவிப்பு வர வேண்டும். இது 2021 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ஆப் அந்த முன்னறிவிப்பையே செலவாக எழுதும். மறுநாள் பணம் போன செய்தி வந்ததும் இன்னொரு முறை எழுதும். ஓடிடி சந்தா, ஃபண்ட் எஸ்ஐபி எல்லாம் இப்படித்தான் இரட்டிக்கும். ஓடிபி செய்தியிலும் தொகை இருக்கும், கார்டு நிராகரிக்கப்பட்ட செய்தியிலும் இருக்கும். அதையும் சில ஆப்கள் எடுத்துக்கொள்ளும்.

அனுப்புநர் பெயர்: 2025இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி வணிகச் செய்திகளின் அனுப்புநர் பெயர்களுக்குக் கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்தது, விளம்பரம், சேவை, பரிவர்த்தனை, அரசு என்று வகை பிரிக்க. பெயரை எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் ஆப் அந்த நாளோடு படிப்பதை நிறுத்திவிடும். ஏதாவது ஒரு மாதம் செலவு திடீரென்று பாதியானால் சந்தோஷப்படும் முன் இதைப் பாருங்கள்.

சிறு தொகை: பெரிய தனியார் வங்கி ஒன்று 2024 ஜூன் 25 முதல் 100 ரூபாய்க்குக் குறைவான யுபிஐ பற்றுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதை நிறுத்தியது. டீ, வாழைப்பழம், ஷேர் ஆட்டோ எதுவும் ஆப்புக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் சின்னது, 30 நாளைக்குக் கூட்டினால் மளிகை பில்லோடு போட்டி போடும்.

யுபிஐ லைட்: சின்னச் செலவுக்கென்று யுபிஐ ஆப்பிலேயே முன்கூட்டிப் பணம் ஏற்றி வைக்கும் பை. இதில் 2,000 ரூபாய் ஏற்றினால் பாஸ்புக்கில் ஏற்றிய அந்த ஒரு வரிதான் இருக்கும், உள்ளே நடந்த இருபது செலவும் இருக்காது. லைட்டை ரொக்கம் மாதிரி தனிக் கணக்காக வைத்து, ஏற்றுவதை மாற்றமாக எழுதுங்கள்.

ஐபோனில் எந்த ஆப்புக்கும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி இல்லை. ஆக உங்கள் வீட்டில் பாதிக் கணக்குதான் தானாக வரும். அந்த ஒரு காரணத்துக்காகவே இருவருக்கும் பொதுவான வேறு வழி தேட வேண்டும்.

பேரேடு · 7 ஜூலை, இரவு 10.06

விட்டுப்போனது: தெருமுனைக் கடை க்யூஆரில் கடையின் பெயர் வராது, கடைக்காரர் பெயரோ அவர் மகன் பெயரோதான் வரும். ஆப் அதை 'நபருக்கு அனுப்பியது' என்று போடும். தானியங்கி வகைபிரிப்பு நம் ஊரில் பெரிய கடைகளுக்கும் ஆன்லைனுக்கும் மட்டுமே ஒழுங்காக வேலை செய்யும்.

கமுக்கம் · 8 ஜூலை, காலை 7.20

ஒரு வார்த்தை இந்த இலவச ஆப்கள் பற்றி. செலவுப் பட்டியல் தெரிந்தவருக்கு, கடன் யாருக்குத் தேவை, யார் திருப்பிக் கட்டுவார் என்பதும் தெரியும். வால்நட் செலவுக் கணக்கு ஆப்பாகத்தான் பெயர் வாங்கியது. 2018இல் கேபிடல் ஃப்ளோட் என்ற கடன் நிறுவனத்தின் கைக்குப் போனது, பிறகு ஆக்ஸியோ என்று பெயரும் மாறியது. சட்ட விரோதம் எதுவும் இல்லை. ஆனால் எஸ்எம்எஸ் அனுமதி கொடுக்கும்போது எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

நம் சம்மதத்தின் பேரில் வங்கிக் கணக்கு விவரத்தை ஆப்புக்குக் கொண்டுசேர்க்கும் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வழி இதைவிட ஒழுங்கானது. ரிசர்வ் வங்கி 2016இல் விதி வகுத்தது, 2021 செப்டம்பரில் புழக்கத்துக்கு வந்தது. நடுவில் இருக்கும் அக்ரிகேட்டரால் தரவைத் திறந்து பார்க்க முடியாது, பூட்டிய பெட்டியைக் கைமாற்றிவிடுகிறது. சம்மதத் திரையில் மூன்று இடத்தைப் படியுங்கள்: நோக்கம், எத்தனை நாளைக்கு, எவ்வளவு அடிக்கடி. செலவு, பட்ஜெட் பார்ப்பதற்கான நோக்கக் குறியீடு 102. 104 என்பது கணக்கைத் தொடர்ந்து கண்காணிக்க. பட்ஜெட் போடுகிறேன் என்று சொல்லும் ஆப் 104 கேட்டால் ஏன் என்று யோசியுங்கள். கொடுத்த சம்மதத்தை அக்ரிகேட்டர் ஆப்பிலேயே ரத்து செய்யலாம்.

ஐந்தொகை · 8 ஜூலை, காலை 9.05

இன்னொன்றும் உண்டு. தரவைப் பெறுபவர் ரிசர்வ் வங்கி, செபி மாதிரி ஏதாவது நிதி ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். தனியாக ஒருவர் நல்ல பட்ஜெட் ஆப் எழுதினாலும் நேரடியாக இந்த வழியில் தரவு வாங்க முடியாது.

மஞ்சப்பை · 8 ஜூலை, இரவு 9.30

சரி, இருவருக்கும் பொதுவானது என்றால் எது?

பேரேடு · 9 ஜூலை, காலை 6.40

கூகுள் ஃபார்ம், அதன் பின்னால் ஒரு ஷீட். இரண்டு போனிலும் முகப்புத் திரையில் ஃபார்முக்கு ஒரு குறுக்குவழி. கேள்வி நான்கே: தொகை, எதிலிருந்து, எதற்கு, குறிப்பு. தேதியும் நேரமும் தானாக விழும்.

சூட்சுமம் இரண்டாவது, மூன்றாவது கேள்வியில். இரண்டுக்கும் ஒரே பட்டியலைக் கொடுங்கள்: வங்கி, ரொக்கம், கார்டு, லைட், சம்பளம், மளிகை, காய்கறி-பால், வெளிச் சாப்பாடு, போக்குவரத்து, மருந்து, படிப்பு, வீடு-பில், துணி-விசேஷம், தவணை, விட்டுப்போனது. காய்கறிக்கு ரொக்கம் கொடுத்தால் 'ரொக்கம்' இருந்து 'காய்கறி-பால்'. ஏடிஎம் என்றால் 'வங்கி' இருந்து 'ரொக்கம்'. கார்டு பில் 'வங்கி' இருந்து 'கார்டு'. சம்பளம் 'சம்பளம்' இருந்து 'வங்கி'. கார்டில் வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வந்தால் 'துணி-விசேஷம்' இருந்து 'கார்டு'. இப்படி எழுதினால் இரட்டைப் பதிவுக் கணக்கின் பெயர்கூடத் தெரியாமல் அதைச் செய்துவிடலாம்.

ஒரு கணக்கின் இருப்பு = தொடக்க இருப்பு + 'எதற்கு' பத்தியில் அந்தப் பெயர் வந்த வரிகளின் கூட்டல் − 'எதிலிருந்து' பத்தியில் வந்த வரிகளின் கூட்டல். சம்இஃப்ஸ் (SUMIFS) வாய்பாடு ஒன்றே போதும். கார்டு எப்போதும் எதிர்மறையில் நிற்கும், அதுதான் கடன்.

பிசகும் இடங்கள்: தொகைக் கேள்வியில் 'எண் மட்டும்' என்று கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் '250/-' என்று அடிப்பார். ஷீட் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டலில் சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழை என்றுகூடச் சொல்லாது. ஷீட் அமைப்பில் நாட்டை இந்தியா என்று வையுங்கள். அமெரிக்கா என்று இருந்தால் பிறகு கையால் அடிக்கும் தேதிகளில் 05/07 என்பது மே 7 ஆகிவிடும், 13/07 தேதியே ஆகாமல் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். தேதிகளில் சில இடமும் சில வலமும் ஒட்டியிருந்தால் வியாதி இதுதான்.

பேரேடு · 9 ஜூலை, காலை 6.52

வகைகள் பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். 'நொறுக்குத்தீனி', 'பேக்கரி', 'ஜூஸ்' என்று பிரித்தால் பத்தாம் நாள் எதில் போடுவது என்ற குழப்பமே எழுதுவதை நிறுத்திவிடும்.

ஐந்தொகை · 9 ஜூலை, இரவு 8.15

கணினி முன்னால் உட்கார்பவர்களுக்கு இரண்டு கருவி சொல்கிறேன், இரண்டும் இலவசம். ஒன்று நூகேஷ். பாஸ்புக்கோடு வரிக்கு வரி டிக் போட்டு ஒத்துப்பார்க்கத் தனித் திரை உண்டு. ஸ்டேட்மென்ட் கோப்பையும் உள்ளே இழுக்கலாம். மற்றது எச்லெட்ஜர். வெறும் உரைக்கோப்பு, தமிழிலேயே எழுதலாம்:

2025-07-05 பால்காரர்
    செலவு:பால்    1560
    சொத்து:ரொக்கம்

இரண்டாவது வரித் தொகையை விட்டால் அதுவே நிரப்பிக்கொள்ளும். கணக்குப் பெயருக்கும் தொகைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு இடைவெளி வேண்டும். ஒன்று மட்டும் விட்டால் '1560' என்பதையும் கணக்குப் பெயரோடு சேர்த்துக்கொண்டு குழம்பும். புதிதாக வருபவர்கள் விழும் குழி இதுதான். லட்சம், கோடி முறையில் கமா போடவும் அதற்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

வகைக்கு ஓர் உறை என்று பணத்தை முன்கூட்டியே பிரித்து வைக்கும் வெளிநாட்டு உறைமுறைக் கருவிகளைச் சிலர் சொல்வார்கள். ஒய்என்ஏபி ஆண்டுக்கு 109 டாலர், நம் வங்கிகளோடு இணைப்பு கிடையாது. ஆக்சுவல் பட்ஜெட் திறமூலம், இலவசம், ஆனால் நம் வங்கிக் கோப்பைக் கையால்தான் ஏற்ற வேண்டும். ஏற்றுமதி வசதி உள்ளதா என்று எதிலும் முதல் நாளே பாருங்கள். அமெரிக்காவில் கோலோச்சிய மின்ட் என்ற செலவுக் கணக்கு ஆப்பையே 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

பேரேடு · 9 ஜூலை, இரவு 9.40

ஸ்டேட்மென்ட் கோப்பு என்றதும் ஒரு எச்சரிக்கை. யுபிஐ பரிவர்த்தனை எண் 12 இலக்கம். எக்ஸலில் நேராகத் திறந்தால் 11 இலக்கத்தைத் தாண்டிய எண்ணை அது 5.12E+11 என்பது போல அடுக்குக்குறியாகச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போச்சு. பிறகு ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை ஏறியதா என்று கண்டுபிடிக்க ஆதாரமே இருக்காது. திறக்கும்போதே அந்தப் பத்தியை 'உரை' என்று அறிவித்து இறக்குங்கள். சில வங்கிகள் எக்ஸல் என்று தருவது உள்ளே வெறும் டேப் பிரிப்பு உரைக்கோப்புதான். 'வடிவம் பொருந்தவில்லை' என்று எக்ஸல் சொன்னால் பயப்படாமல் உரைக்கோப்பாக இறக்குமதி செய்யுங்கள்.

யுபிஐயில் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கிறது. அது உங்கள் வங்கி ஸ்டேட்மென்டில் வருகிறதா என்று வீட்டுக்குள்ளேயே ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபாருங்கள். வந்தால் அதையே வகைக் குறியீடாக வைத்துக்கொள்ளலாம், பாதி வேலை மிச்சம்.

மஞ்சப்பை · 11 ஜூலை, இரவு 9.05

ஃபார்ம் ஓடுகிறது. இரண்டு சந்தேகம். ஞாயிறு ஒரு கல்யாணம், மொய் 1,001. எந்த வகை? அடுத்தது சீட்டு. மாதம் 5,000, இருபது பேர்.

ஐந்தொகை · 11 ஜூலை, இரவு 10.10

சீட்டு செலவு இல்லை. 'சீட்டு' என்று ஒரு கணக்கைத் திறந்து, கட்டுவதை 'வங்கி' இருந்து 'சீட்டு' என்று எழுதுங்கள். ஏலத்தில் தள்ளு போன பிறகு உண்மையில் கட்டிய தொகையை எழுத வேண்டும். ஒருவர் ஒரு லட்சம் சீட்டை 20,000 தள்ளி எடுக்கிறார், நடத்துபவர் கமிஷன் 5,000 என்றால், மீதி 15,000ஐ இருபதால் வகுத்து ஆளுக்கு 750 கழிவு. அந்த மாதம் நீங்கள் கட்டுவது 4,250. கமிஷனுக்குச் சட்டப்படி உச்ச வரம்பு 7 சதவீதம். நீங்கள் சீட்டை எடுக்கும் வரை அந்தக் கணக்கு சொத்து, எடுத்த மாதத்திலிருந்து கடன். கடைசியில் மிஞ்சும் வித்தியாசம் முன்னால் எடுத்திருந்தால் வட்டிச் செலவு, பின்னால் எடுத்திருந்தால் வட்டி வரவு.

பேரேடு · 12 ஜூலை, காலை 7.00

மொய்யில் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. நகரத்துக் கல்யாணத்தில் 1,001ஐச் செலவாக எழுதி மறந்துவிடலாம். ஆனால் புதுக்கோட்டை மாவட்டம் வடகாடு, கீரமங்கலம், தஞ்சை மாவட்டம் பேராவூரணி பக்கம் ஆடியில் மொய் விருந்து நடக்கும். அங்கே வந்த மொய் அத்தனையும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். திருப்பும்போது கூடுதலாக வைப்பதும் வழக்கம். அதை வரவில் எழுதினால் ஒரு மாதம் பணக்காரர் போலத் தெரியும், அடுத்த ஐந்து வருடமும் துண்டு விழும். 'மொய்' என்று கடன் கணக்கு ஒன்று வைத்து, வந்தது ஒரு பக்கம், திருப்பியது மறுபக்கம். யார், எந்த ஊர், எவ்வளவு என்ற விவரத்துக்கு மொய் நோட்டே சிறந்த கருவி. அதைக் கணினிக்கு மாற்ற வேண்டாம், மொத்தத் தொகையை மட்டும் ஷீட்டில் போடுங்கள்.

கமுக்கம் · 12 ஜூலை, பகல் 12.20

நகரத்திலும் நெருங்கிய சொந்தத்துக்கு மொய் கடன்தான் சார்.

பேரேடு · 12 ஜூலை, பகல் 12.48

ஒப்புக்கொள்கிறேன். தாய்மாமன் முறைக்குச் செய்வதெல்லாம் கடன் பக்கமே போகட்டும்.

பேரேடு · 13 ஜூலை, காலை 8.10

பட்ஜெட் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் பலர் தோற்கும் இடம் அதுதான். மாதச் செலவை மட்டும் பார்த்துப் போடும் பட்ஜெட் ஜூனில் பள்ளிக் கட்டணத்திலும் அக்டோபரில் தீபாவளியிலும் உடையும். ஆண்டுக்கு ஓரிரு முறை வருவதைத் தனியாக எழுதுங்கள். உதாரணத்துக்கு: ஆயுள் காப்பீடு 24,000, வண்டி இன்சூரன்ஸ் 1,900, பள்ளி 36,000, சொத்து வரி அரையாண்டுக்கு 2,400 வீதம் 4,800, தீபாவளி 15,000. மொத்தம் 81,700, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,808. சம்பளம் வந்த அன்றே இது வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போக வேண்டும். ஆர்டி சரிப்படாது. அது முதிரும் தேதியும் கட்டணத் தேதியும் ஒன்றாக வராது. அந்த இரண்டாவது கணக்கில் குறைந்தபட்ச இருப்பு நிபந்தனை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, அதில் பாதியை இடைமாதத்தில் ஒதுக்கினால் போதும்.

மஞ்சப்பை · 1 ஆகஸ்ட் 2025, இரவு 9.50

ஜூலை முடிந்தது. ரொக்கம், கார்டு, லைட் மூன்றும் சரியாக ஒத்துவிட்டன. வங்கியில் மட்டும் ஷீட்டைவிடப் பாஸ்புக்கில் 236 ரூபாய் குறைவு. எஸ்எம்எஸ் எல்லாம் பார்த்தாயிற்று, 236க்கு எதுவும் இல்லை.

பேரேடு · 1 ஆகஸ்ட், இரவு 10.04

ஸ்டேட்மென்டை இறக்கி 236 என்று தேடுங்கள். 200ம் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36ம் சேர்ந்த தொகை அது; பெரும்பாலும் டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம்.

மஞ்சப்பை · 1 ஆகஸ்ட், இரவு 10.11

அதேதான். ஜூலை 22.

பேரேடு · 1 ஆகஸ்ட், இரவு 10.15

'வங்கி' இருந்து 'வீடு-பில்', 236, தேதி ஜூலை 22. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மறுபடி வரும், 81,700 பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் தொடக்க இருப்பைப் பாஸ்புக்கில் உள்ளபடி போட்டுத் தொடருங்கள்.